அத்தானுக்குக் கொடுத்த சிவப்பு மாத்திரை

தாம் சாப்பிடும் அளவை உண்மையாகச் சொன்ன மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. வயதைக் குறைத்துச் சொல்பவர்களுக்கும் சம்பளத்தைக் கூட்டிச் சொல்பவர்களுக்கும்கூடச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுமாறும். சாப்பாட்டு விஷயத்தில் அந்தத் தடுமாற்றமும் கிடையாது. தொந்தி உள்ளவர் "நமக்கென்ன, ரெண்டு பிடி சோறு" என்பார். எலும்பும் தோலுமாக இருப்பவர் "நான் உட்கார்ந்தால் பந்தியே காலி" என்பார். இரண்டு பேருமே அதை மனப்பூர்வமாக நம்புவார்கள்.

இதை நான் ஆதாரத்தோடு சொல்ல முடியும். வைஸ்ராய் இன்னும் கல்கத்தாவில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவ ஆராய்ச்சிசாலையில் எனக்கு உத்தியோகம் கிடைத்தது. ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. (ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'ரசாயன உத்தியோகம்' என்று எழுதுவேன். இல்லாவிட்டால் அடுத்தவன் இலையை எட்டிப் பார்ப்பதற்கா இவனைப் படிக்க வைத்தோம் என்று என் அப்பா கேட்டிருப்பார்.)

எனக்கு மேலதிகாரி டாக்டர் கோஷால். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஒரு மனிதன் ஒரு நாளில் உள்ளே தள்ளுவதில் உப்பு எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சதையை வளர்க்கும் சத்து எவ்வளவு, கடைக்காரன் கலந்த சாயமும் கலப்படமும் எவ்வளவு, அத்தனையும் உள்ளே போய் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்று கணக்கெடுப்பது அவருடைய ஆராய்ச்சி. கேட்டால் பொய் சொல்கிறார்கள் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டதால், கேட்பதை விட்டுவிட்டு நிறுக்க ஆரம்பித்திருந்தார். சோதனைக்கு உட்காருகிறவர் சாப்பிடும் ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்க வேண்டும். அதே அளவு அதே பண்டங்களை இன்னொரு இலையில் வைத்து, அதைப் பாத்திரத்தில் வழித்துச் சோதனைசாலைக்குக் கொண்டுவர வேண்டும். மறுநாள் காலையில் வெளியே போவதை ஒரு தகர டப்பாவில் சேகரிக்க வேண்டும். எங்கே பழைய சாப்பாடு முடிந்து நம் கணக்குச் சாப்பாடு ஆரம்பிக்கிறது என்று அடையாளம் தெரிவதற்காக, முதல் கவளத்துக்கு முன்னால் ஒரு சிவப்புச் சாயப்பொடியை அரிசிமாவு உறைக்குள் வைத்து விழுங்கக் கொடுப்போம். கடைசிக் கவளத்துக்குப் பிறகு இன்னொன்று. முதல் சிவப்புக்கும் இரண்டாவது சிவப்புக்கும் நடுவில் வருவதெல்லாம் சர்க்கார் சொத்து.

வங்காளிகளை நிறுத்தாகிவிட்டது. பிஹாரிகளையும் நிறுத்தாகிவிட்டது. "எனக்கு ஒரு மதராஸி வேண்டும்" என்றார் டாக்டர் ஒரு நாள். அவரிடம் நல்ல பெயர் வாங்கும் ஆசையில், வாய் மூளையைக் கேட்காமலே பேசிவிட்டது. "என் அத்தான் இருக்கிறார் சார்" என்றேன்.

அத்தான் ஆவுடையப்ப பிள்ளை, என் அக்கா கோமதியின் கணவர். கிடர்பூர் கப்பல் துறைக்கு அப்பால் ஒரு சரக்குக் கம்பெனியில் பெரிய குமாஸ்தா. அவர் வீட்டில்தான் நானும் தங்கியிருந்தேன். திருநெல்வேலிச் சைவம் என்றால் சாதாரணச் சைவம் இல்லை. நெற்றியிலும் கையிலும் மார்பிலும் பட்டை பட்டையாகத் திருநீறு. கல்கத்தாவில் எந்த மிட்டாய்க் கடைக்குப் போனாலும் முட்டை உண்டா என்று கேட்பார், கடைக்காரன் இல்லை என்பான், அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார், வாங்காமல் திரும்பி வந்துவிடுவார். அந்த வீட்டு மாடிப்படியில் மீன் வாசனை ஏறி வரும்போதெல்லாம் அவர் சாம்பிராணி போடச் சொல்வார். எதிர்வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவள், எங்கள் வீட்டில் தினமும் ஏதோ பூஜை என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சைவத்துக்கு அடுத்தபடியாக இருந்தது பயம். காலராவுக்குப் பயம். காய்ச்சாத தண்ணீருக்குப் பயம். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்ப்பார். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டு வந்து, 'இன்னைக்கு ஒண்ணும் இல்ல' என்கிற முகத்தோடு உட்காருவார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அக்கா காப்பி கலப்பாள்.

எனக்கோ அத்தானிடம் பயம். அவர் முன்னால் நான் தும்மினதுகூட இல்லை. ஆனாலும் டாக்டரிடம் வாய் கொடுத்தாகிவிட்டதால் ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று பார்த்தால், ஊஞ்சல் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வங்காளி எம்புட்டு சாப்பிடுதானாம்?" என்றார்.

சொன்னேன்.

"அம்புட்டுதானா? மாப்ளே, தராச கொண்டாரும்வே. தெக்கத்தியான் சாப்பாடுன்னா என்னன்னு ஒம்ம டாக்டர் பாக்கட்டும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு மனிதன் வழக்கமாக என்ன சாப்பிடுகிறான் என்று கண்டுபிடிக்க நான் போகிறேன். அவரோ தென்னாட்டின் மானத்தைக் காப்பாற்ற உட்காருகிறார். ஆனால் சம்மதித்துவிட்டாரே என்கிற சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. சனிக்கிழமை சாயங்காலமே சோதனைசாலையில் சாயப்பொடியை இரண்டு உறைகளில் அடைத்து எடுத்துக்கொண்டேன். மழைக்காலம். மழைக்காலத்துக் கல்கத்தாவில் எந்தப் புட்டியின் மேலும் ஒட்டிய சீட்டு நிற்காது. அலமாரியில் சிவப்புப் பொடி இரண்டு புட்டிகளில் இருந்தது. ஒன்று நம் சாயம். இன்னொன்று பாதரசம் சேர்ந்த பாஷாணம். இரண்டின் சீட்டும் கீழே விழுந்து கிடந்தன. முன்னால் இருப்பதுதான் சாயம் என்று எனக்குத் தெரியும். (எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த வயதில் எனக்கு எல்லாம் தெரியும்.) முன்னால் இருந்ததை எடுத்து அடைத்தேன், விசில் அடித்துக்கொண்டே டிராம் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சமையல் கல்யாணச் சமையலாக இருந்தது. அத்தான் இலை முன் உட்கார்ந்தார். நான் தராசை நிறுத்தி, பக்கத்தில் ஆளில்லாத இன்னொரு இலையைப் போட்டு, தண்ணீர் வைத்தேன். சோற்றுப் பானையோடு வந்த அக்கா அந்த இலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது யாருக்குலே?"

"யாருக்கும் இல்லக்கா. அத்தான் என்ன சாப்பிடுதாகளோ அதையே இதுலயும் வைக்கணும்."

"ஆளில்லாத எலையில சோறு வச்சி, தண்ணி வச்சி..." அக்கா பானையைக் கீழே வைத்தாள். "உசிரோட குத்துக்கல்லாட்டம் இருக்க மனுசனுக்குப் படையலாலே போடுதே? வெளங்குவியாலே நீ?"

எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. திதி அன்றைக்கு இறந்தவருக்கு எப்படி இலை போடுவோமோ, இம்மி பிசகாமல் அப்படித்தான் போட்டிருந்தேன். விஞ்ஞானத்தில் இதெல்லாம் கிடையாது என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தேன்.

"கோமதி, சர்க்கார் காரியம். சொன்னதைச் செய்யி" என்றார் அத்தான்.

அக்கா செய்தாள். ஆனால் அவள் வழியில் செய்தாள். நான் ஒவ்வொன்றாக நிறுத்துக் கொடுக்கக் கொடுக்க, நான் குனிந்து படிக்கல்லை மாற்றும் நேரம் பார்த்து அத்தான் இலையில் நிறுக்காத ஒரு கரண்டியைச் சேர்த்தாள். நிறுத்த சோறு உடம்பில் ஒட்டாதாம். அத்தானும் மறுக்கவில்லை. வங்காளியைத் தாண்டி, பிஹாரியைத் தாண்டி, சாம்பாரில் ஒரு தடவை, புளிக்குழம்பில் ஒரு தடவை, ரசம், பாயசம், மறுபடி சாம்பார் என்று போய்க்கொண்டே இருந்தார். முடிந்ததும் அக்கா உப்பும் மிளகாயும் எடுத்து அத்தானைச் சுற்றிப் போட்டாள். பிறகு தராசையும் சுற்றிப் போட்டாள். அடுப்பில் போட்ட மிளகாயில் நெடியே வரவில்லை என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

முதல் கவளத்துக்கு முன்னால் நான் கொடுத்த மாத்திரையை அத்தான் மரியாதையாக விழுங்கியிருந்தார். 'டாக்டர் குடுத்தது' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையில் பின்கட்டில் என்ன நிறத்தைப் பார்ப்பார் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? தகர டப்பா விவரத்தையே அக்கா மூலமாகத்தான் சொல்லி அனுப்பினேன். சிவப்பு விவரத்தையும் அப்படியே சொல்லி அனுப்புவதாகத்தான் இருந்தேன். படையல் சண்டைக்குப் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் என்னை எழுப்பியது அக்காவின் அலறல்.

அத்தான் பின்கட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "கோமதி, ரத்தமா போகுதுடி" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாயம் வேலை செய்திருக்கிறது! "அத்தான், அது..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "வயித்த முறுக்குது. கண்ணு இருட்டுது" என்றார். அந்த நிமிஷத்தில் என் மனசுக்குள் அந்த அலமாரி வந்து நின்றது. இரண்டு புட்டிகள். சீட்டு இல்லாத இரண்டு சிவப்புப் புட்டிகள்.

பாதரசப் பாஷாணம் உள்ளே போனால் என்ன ஆகும் என்று சோதனைசாலைச் சுவரில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வயிற்றை முறுக்கும். கண் இருட்டும். ரத்தமாகப் போகும்.

முன்னால் இருந்த புட்டி எது? கண்ணை மூடி யோசித்தேன். சனிக்கிழமை நான் எடுத்தது முன்னால் இருந்ததுதான். ஆனால் வெள்ளிக்கிழமை யாராவது அலமாரியைத் துடைத்து மாற்றி வைத்திருந்தால்? அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அத்தானைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவள் கழுத்தில் தாலிச் சரடு தெரிந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். என் அக்காவின் புருஷனை நான் கொன்றுவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

சாயம்தான் என்று சொல்லி, அது பாஷாணமாக இருந்துவிட்டால், வைத்தியம் பார்க்காமலே செத்துப்போவார். பாஷாணம் என்று சொன்னால், பயத்திலேயே செத்துப்போவார். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? சுவரில் எழுதியிருந்த முறிவு மருந்தும் நினைவுக்கு வந்தது. முட்டையின் வெள்ளைக்கரு. ஆவுடையப்ப பிள்ளைக்கு முட்டை! உயிர் வேண்டுமா, முட்டை வேண்டுமா என்று கேட்டால் அவர் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார். திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு நீட்டிப் படுத்துவிடுவார். சுவரில் அதற்கடுத்த வரியில் பால் என்று போட்டிருந்தது.

"அக்கா, பால் குடு. பால் குடுத்துக்கிட்டே இரு. நான் டாக்டரைக் கூட்டிட்டு வாரேன்" என்று கத்திக்கொண்டு, சட்டைப் பொத்தான்களை மாற்றி மாட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினேன்.

கப்பல் துறை வாய்க்கால் பாலத்துக்கு வந்தால், பாலம் இல்லை. உள்ளே ஒரு கப்பல் நுழைவதற்காகத் திருப்பி விட்டிருந்தார்கள். எனக்கும் டிராமுக்கும் நடுவில் அழுக்குத் தண்ணீர். கைவண்டிக்காரர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு கப்பலை வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கப்பலைப்போல் மெதுவாக ஒன்று போவதை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அது போய்க்கொண்டிருந்த நேரத்தில் நான் அத்தானுக்குத் திதி கொடுத்து முடித்து, அக்காவை வெள்ளைப் புடவையில் ஊருக்கு ரயில் ஏற்றி, ஹவுரா ஸ்டேஷனில் அப்பா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது வரை போய்விட்டேன். பாலம் சேர்ந்து டிராம் ஏறினால், அது அலிப்பூர் ஜெயில் இருக்கும் பக்கமாகப் போனது. என்னைத் தூக்கில் போடுவதானால் இங்கேதான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது இரண்டு கையையும் நீட்டினேன்.

டாக்டர் கோஷால் அப்போதுதான் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கீ ஹோலோ, ஷங்கர்?" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார். வங்காளி, ஹிந்தி, இங்கிலீஷ், தமிழ் நான்கையும் ஒன்றாகக் கலந்து நான் சொன்னதில் அவருக்கு 'பாஷாணம்', 'அத்தான்' என்கிற இரண்டு தமிழ் வார்த்தைகள் மட்டும் புரியவில்லை. அழுகை புரிந்தது.

அவர் அலமாரியைப் பார்த்தார். புட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இரண்டு உறை அடைத்தாய் அல்லவா? இரண்டாவது எங்கே?" என்றார்.

என் சட்டைப் பையில் இருந்தது. கிடர்பூரிலிருந்து என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் கொடுக்க வேண்டியதை மிளகாய்க் களேபரத்தில் மறந்திருந்தேன். டாக்டர் அதைப் பிரித்துக் கண்ணாடிக் குழலில் கொட்டி, அம்மோனியா நீர் விட்டார். கரைந்தால் சாயம், கரையாமல் அடியில் நின்றால் பாஷாணம் என்றார். நான் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பொடி மெல்ல மெல்லக் கரைந்து, குழல் முழுவதும் செக்கச்செவேலென்று ஆயிற்று.

"பிஷ் நொய்!" என்று சிரித்தார் டாக்டர். விஷமில்லை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தான் பிழைத்தார், அக்கா பிழைத்தாள், நான் பிழைத்தேன். உலகத்தில் எல்லோரையும் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"விஷமாவது ஒன்றாவது. வெறும் பூச்சிதானே" என்றார் டாக்டர்.

"என்ன பூச்சி சார்?"

"இந்தச் சாயம் எதிலிருந்து வருகிறது என்று நினைத்தாய்? கள்ளிச்செடியில் மொய்க்கும் ஒரு பூச்சி. காயவைத்து, இடித்து..."

அவர் உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனார். எனக்குக் காதில் விழவில்லை. மிட்டாயில் முட்டை உண்டா என்று கேட்கிற மனிதருக்கு நான் ஓர் உறை நிறையப் பூச்சியை விழுங்கக் கொடுத்திருக்கிறேன். பாஷாணமாக இருந்திருந்தால் அவர் மட்டும்தான் போயிருப்பார். இது ஏழு தலைமுறைச் சைவத்தையும் அல்லவா கொண்டுபோய்விட்டது! சற்று முன்பு வரை அத்தான் சாகக் கூடாதே என்று நடுங்கினேன். இப்போது அவர் உயிரோடு எழுந்து என்னைக் கேள்வி கேட்பாரே என்று நடுங்கினேன்.

டாக்டரோ மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டார். "வா, போகலாம். அளக்காமல் எவ்வளவு பால் குடித்தாரோ! என் கணக்கு என்ன ஆவது?" என்றார். குதிரைவண்டியில் வழி நெடுக அவரிடம் கெஞ்சினேன். சாயம் என்று சொல்லுங்கள், பூச்சி என்று சொல்லாதீர்கள். அவர் கேட்கவில்லை. "நானாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளி கேட்டால் நான் பொய் சொல்வதில்லை" என்றார். அத்தான் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன். எந்த முகத்தோடு வேண்டுகிறாய் என்று அவர் கேட்பது போலவும் இருந்தது.

வீட்டில் கூட்டம். அத்தான் ஊஞ்சல் பலகையில் நீட்டிப் படுத்திருந்தார். உடம்பெல்லாம் திருநீறு. தலைமாட்டில் மாஷிமா விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலிப் பால் செம்புகள் வரிசையாக நின்றன. கம்பெனியில் யார் யாரிடம் எந்தெந்தச் சாவி இருக்கிறது என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்ததும், "படையல் போட்டியேடா பாவி" என்று ஒரு குரல் எடுத்தாள். கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் உரக்கச் சொன்னார். "உங்களுக்கு வியாதி இல்லை. மூன்று பேர் சாப்பாட்டை ஒருவர் சாப்பிட்டிருக்கிறீர்கள், அதுதான் வலி. சிவப்பு, நான் கொடுத்த சாயம்."

அத்தான் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொரு கண்ணைத் திறந்தார். மெல்ல எழுந்து உட்கார்ந்தார். நான் தமிழில் சொன்னதும் கூட்டம் பெருமூச்சு விட்டது. அக்கா அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்தாள். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் பிழைத்துக்கொண்ட ஆவுடையப்ப பிள்ளை பழைய ஆவுடையப்ப பிள்ளை ஆகிவிட்டார்.

"சாயம்னா, எதுல செஞ்சது?" என்று டாக்டரை இங்கிலீஷில் கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் சொன்னார்.

"பூச்சியா?" என்றார் அத்தான், தமிழில். அவ்வளவுதான். காலையிலிருந்து சாகக் கிடந்தபோதெல்லாம் ஒரு தடவைகூட மயக்கம் போடாத மனிதர், அப்படியே பின்னால் சாய்ந்தார்.

"என்ன பூச்சிலே? என்னலே சொன்னாரு டாக்டரு?" அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தப்பிக்க வழியில்லை. சொன்னேன்.

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அக்கா என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பூச்சிதானா?" என்றாள். "அடப் பாவிகளா, நான் வெடிஞ்சதுலேர்ந்து தாலியப் பிடிச்சிக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன். பூச்சிதானா? இந்த ஊரு மழைக்கு அரிசிப் பானையத் தொறந்தா வண்டு மொய்க்கி. நாள் தவறாம பொறுக்குதேன். என் கண்ணுக்குத் தப்பினது எம்புட்டு உள்ள போயிருக்கும்? அத ஒங்க டாக்டரு நிறுத்தாராமா?"

அக்கா என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் மீசை துடித்தது. "கடவுளே, இதை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லையே!" என்று கூவினார். "அரிசிப் பானை எங்கே? ஒரு படிக்கு எத்தனை வண்டு? அவளைக் கேள், வருஷம் முழுவதுமா, மழைக்காலத்தில் மட்டுமா?"

"கோமதி, வாய மூடு" என்றது ஊஞ்சல்.

அத்தான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ளே, இங்க வாரும்" என்றார். போய் நின்றேன். "பூச்சின்னு ஒமக்கு முன்னமே தெரியாது. ஒம்ம மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. சாயம்னு மட்டும் தெரியும். பொறவு எதுக்குக் காலையில அழுதுக்கிட்டு ஓடினீரு?"

பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. இரண்டு புட்டியையும் சொன்னேன். "பாஷாணத்தக் குடுத்துட்டேன்னு நெனச்சிட்டேன் அத்தான். நீங்க... அக்கா..." அத்தனை பேர் முன்னால், மீசை முளைத்த ஆள், விக்கி விக்கி அழுதேன்.

அக்கா நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கப்பல் துறையில் சங்கு ஊதியது. அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"பாஷாணத்துக்குப் பூச்சி எம்புட்டோ தேவலைவே" என்றார். "கோமதி, பசிக்குது. ரசஞ்சோறு போடு."

"நிறுக்கட்டுமா?" என்று டாக்டர் ஆவலோடு கேட்டார்.

"தராச ஆத்துல எறிஞ்சிருவேன்னு சொல்லும்" என்றார் அத்தான். நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்தேன்.

பரிகாரமாக அத்தான் ஹூக்ளியில் முழுகி ஒரு நாள் பட்டினி கிடந்தார். (அந்தப் பட்டினியைக் கணக்கில் சேர்க்கலாமா என்று டாக்டர் ஆள் விட்டுக் கேட்டார்.) எனக்குத் தண்டனை ஒன்றும் இல்லை, ஒரு கேள்வியைத் தவிர. அன்று முதல் நான் அவருக்கு எதை நீட்டினாலும், அது திருநீறாகவே இருந்தாலும், கையை நீட்டாமல் முதலில் கேட்பார்: "பூச்சியா, பாஷாணமா?" என் கல்யாணப் பந்தியில் பாயசம் பரிமாற நான் வந்தபோது, சம்பந்திகள் முன்னால் அதையே கேட்டார். பெண்வீட்டார் வெகு நாள் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கலங்கிப் போயிருந்தார்கள்.

கடைசிக் காலத்தில் அத்தான் படுத்துவிட்டார். நிஜமாகவே படுத்துவிட்டார். அக்கா மருந்து கொண்டுபோனால் தலையைத் திருப்பிக்கொள்வார். அவர் மகள் கொடுத்தாலும் வாங்க மாட்டார். நான் ஆபீஸ் முடிந்து வந்து கரண்டியை நீட்டினால்தான் திரும்புவார். குரல் போய்விட்டிருந்தது. உதடு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும். "பூச்சி அத்தான்" என்பேன். வாயைத் திறப்பார்.

இப்போது எனக்கும் வயதாகிவிட்டது. அக்காவின் பெண்தான் எனக்கு வேளாவேளைக்குக் கஷாயம் கொண்டுவருகிறாள். நான் அவள் அப்பாவின் குரலில் கேட்கிறேன். அவள் சிரிப்பதுகூட இல்லை. "ரெண்டும் கலந்திருக்கு மாமா, குடிங்க" என்கிறாள். குடித்துவிடுகிறேன்.